நேர்முகத்துக்கு முதல் நாள்

நாங்கள் குடியேறிய வெளிநாட்டு நகரத்தில், பொலிதேயாமா பஸ் தரிப்பில் அவளைச் சந்தித்துப் பேச்சுக்கொடுத்தேன். மெலிந்த தமிழ்ப் பிள்ளை. வலது முழங்கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. இலக்கியப் பட்டதாரி. மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு, அதற்கு முன் படிக்கவேண்டிய விஞ்ஞான வகுப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். மறுநாள் நேர்முகம்.

“அன்ரி, நாளைக்கு நேர்முகத்திலை அவையள் கேக்கிற மாதிரி என்னட்டை ஒருக்காக் கேளுங்கோ.”

“இலக்கியம் படிச்ச பிள்ளைக்கு ஏன் மருத்துவம்?”

“சின்னனிலை இருந்து ஆஸ்பத்திரியிலை எங்கடை ஆக்களுக்கு மொழிபெயர்க்கிறது நான்தான். அப்பாவின்ரை வருத்தத்தைப் பற்றி டொக்டர் சொன்னதையும் அவருக்கு நான்தான் தமிழிலை சொன்னனான். பயந்திடுவார் எண்டு பாதியைத்தான் சொன்னனான்.”

“அப்ப, நீ டொக்டரா வந்தால் முழுக்கச் சொல்லுவியோ?”

முழங்கால் நின்றுவிட்டது.

பஸ் வந்தது, ஏறினேன். அவளும் அந்தப் பஸ்ஸுக்குத்தான் காத்திருந்தாள். ஏறவில்லை. மறுநாள் நேர்முகத்தில் என்ன சொன்னாளோ? அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டாம். இல்லை, கேட்டதுதான் சரியோ?