காருக்கு அடியில் இரண்டு கிளிக்

நீங்கள் கடைசியாகச் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து வேலை பார்த்தது எப்போது? முகத்துக்கு ஒரு சாண் மேலே காரின் அடிவயிறு, தூக்கிய கையில் ஸ்பேனர், கண்ணில் விழக் காத்திருக்கும் துரு. அப்படிப் படுத்ததே இல்லையா? நல்லது. உங்களுக்கும் சேர்த்து ஜாக்கி படுத்திருக்கிறார்.

ஜாக்கி என்பது பட்டறை வைத்த பெயர். இருபது வருஷத்துக்கு மேலாக அவர் பார்ப்பது கார்களின் சஸ்பென்ஷன் வேலை ஒன்றுதான். சக்கரம் பள்ளத்தில் விழும்போது அந்த அடி உள்ளே இருப்பவரின் முதுகுக்குப் போகாமல் நடுவில் நின்று வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ் இவைதான் அவர் உலகம். ஊரார் முதுகைக் காப்பாற்றிக் காப்பாற்றி அவர் முதுகு போய்விட்டது. காலையில் செருப்பு மாட்டக் குனிந்தால் நிமிர்வதற்குள் பெரும்பாடு.

"காரைத் தூக்க நீங்க ஜாக்கி. உங்களத் தூக்க நானா?" என்று மனைவி கை கொடுப்பாள். "அந்த லிஃப்ட் என்ன ஆச்சு? உங்க முதலாளி அத வாங்குறாரா, பெத்து எடுக்குறாரா?"

"வரும்."

"வரும் வரும்னு சொல்லியே நம்ம பெரியவனுக்கு மீசை வந்துடுச்சு."

லிஃப்ட் இருந்தால் காரை ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்திவிடலாம். கீழே நின்றபடியே வேலை பார்க்கலாம். தரைக்கும் முதுகுக்கும் சம்பந்தம் இருக்காது. முதலாளி ஜாக்கியைவிட வயதில் சின்னவர். வாய் நிறைய அண்ணே என்பார். "கையில கொஞ்சம் காசு நிக்கட்டும்ணே, முதல் வேலை லிஃப்ட்தான்" என்பார்.

காசு நின்றது. வந்தது கண்ணாடி அறை. வாடிக்கையாளர் காத்திருக்க ஏசி, மெத்தை சோபா, பொத்தானை அமுக்கினால் காபி ஊற்றும் இயந்திரம். காருக்கு அடியில் படுத்துத் தலையைத் திருப்பினால் சோபாவில் இருப்பவர்களின் செருப்புகள் மட்டும் ஜாக்கிக்குத் தெரியும். வகை வகையான செருப்புகள்.

டைல்ஸ் கடைக்காரர் ஒருவர் வந்தது அந்தச் சமயத்தில்தான். ரெண்டே சீட்டு உள்ள பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இளவட்டமாக இருந்தபோது ஏங்கி, தொப்பை போட்ட பிறகு வாங்கியது. ஜாக்கி காரின் ஒரு மூலையை அமுக்கிக் கையை எடுத்தார். கார் தூளி மாதிரி ஆடி ஆடி நின்றது. கீழே படுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஷாக் செத்துப்போச்சு சார். ரப்பர் புஷ் எல்லாம் வெடிச்சிருக்கு, கடகடன்னு சத்தம் வர்றது அதுலதான். பழைய அளவுலயே புது ஷாக்கும் புது ரப்பரும் போட்டுடலாம். நம்ம ரோட்டுக்கு அதுதான் சுகம்."

"சுகம் பாக்க இது என்ன கட்டிலாப்பா? ஸ்போர்ட்ஸ் கார்! என் ஃபிரெண்டு வண்டி தரையோட ஒட்டிக்கிட்டு நிக்குது. திருகு வச்ச ஷாக்காம். வேணும்னா டைட் பண்ணலாம், வேண்டாம்னா லூஸ் பண்ணலாமாம்."

"அதுல திருகு அடியில இருக்கு சார். ஒவ்வொரு தடவையும் கீழ படுக்கணும்."

"அதுக்கென்ன, நீதான் இருக்கியே!"

முதலாளி சிரித்தார். சிரிப்பு எந்தப் பக்கம் என்பதில் அவருக்கு என்றைக்கும் குழப்பம் வந்ததில்லை.

பளபளவென்று மஞ்சள் ஷாக்குகள் ஏறின. ரப்பர் புஷ்ஷை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார் கடைக்காரர். வெளியே தெரியாத சாமானுக்கு எதற்கு வேலை? ஆகவே சத்தம் போகவில்லை. சத்தம் போகாததால் திருகின் மேல் சந்தேகம் வந்தது. சனிக்கிழமை தோறும் கார் வந்தது. திருகு ஒரு படி நகர்ந்தால் ஒரு கிளிக். ஒரு வாரம் இரண்டு கிளிக் டைட். மறு வாரம் ஒரு கிளிக் லூஸ். இப்போது கார் தரையோடு கிடந்ததால் இரும்பு ஜாக்கியை அடியில் செருகவே இடமில்லை. முதலில் பலகைகள் போட்டு அதன்மேல் சக்கரங்களை ஏற்ற வேண்டும். பிறகு ஜாக்கி, பிறகு முட்டு, கடைசியில் மனுஷ ஜாக்கி.

ஒரு சனிக்கிழமை கீழே போனவருக்குக் கை திருகு வரை எட்டியது. அதோடு இடுப்பிலிருந்து ஒரு பிடி பிடித்தது பாருங்கள், மூச்சு நின்றுவிட்டது. விரல் திருகின்மேல் இருந்தது. திருக உடம்பு விடவில்லை. சும்மாவே கிடந்தார். கண்ணாடிக்கு அப்பால் கடைக்காரரின் செருப்பு தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பிடிப்பு கொஞ்சம் விட்டதும் ஊர்ந்து வெளியே வந்தார். திருகவில்லை என்று சொல்லக்கூடத் தெம்பில்லை.

கடைக்காரர் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். முகமெல்லாம் பல்.

"இதுதான்யா! இத்தனை நாளா இதத்தான் கேட்டேன்! வளைவுல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டுப் போகுது!"

நம்பிக்கைக்கு ஆகாயத்தில் ஆள் இருக்க வேண்டிய அவசியமில்லை. அடியில் ஒரு திருகு இருந்தால் போதும்.

ஜாக்கி அந்த வாரம் முழுக்க யோசித்தார். திருகாமலே திருப்தி வருகிறது என்றால் தரையில் படுப்பானேன்? உண்மையைச் சொன்னால் இந்தச் சனிக்கிழமைக் கூத்து முடிந்துவிடும், வெடித்த ரப்பரை மாற்றிக் காரையும் ஒழுங்கு பண்ணிவிடலாம் என்று கணக்குப் போட்டார். நியாயமான கணக்கு. அடுத்த முறை கார் வந்ததும் சொல்லிவிட்டார்.

"சார், போன வாரம் நான் திருகவே இல்ல."

"சும்மா விளையாடாதப்பா. எனக்குத் தெரியாதா? என் உடம்பு சொல்லுச்சே."

"என் உடம்பும் சொல்லுச்சு சார். திருக முடியாதுன்னு."

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். "இவருக்கு மறதி வந்துடுச்சு போல. திருகிட்டு மறந்துட்டாரு. இன்னிக்கு ஒரு கிளிக் லூஸ் பண்ணச் சொல்லுங்க. கையோட அவரச் சத்தமா எண்ணவும் சொல்லுங்க, நான் கேக்குறேன்."

முதலாளி ஜாக்கியின் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். "என்னண்ணே, வாயக் கொடுத்து வியாபாரத்தக் கெடுக்குறீங்க?"

"முதுகு தாங்கல தம்பி. அந்த லிஃப்ட்..."

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. சோபாவப் பாத்து வந்த கஸ்டமர் எத்தனை பேரு! லிஃப்ட் இருக்கான்னு இதுவரைக்கும் ஒருத்தராவது கேட்டிருக்காங்களா? நீங்களே சொல்லுங்க."

ஜாக்கி யோசித்துப் பார்த்தார். அவருக்கு ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. பலகைகளை இழுத்துப் போட்டார்.

இப்போதும் சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் போனால், சிவப்புக் காருக்கு அடியிலிருந்து ஒரு குரல் கேட்கும். "ஒண்ணு." கொஞ்சம் இடைவெளி. ஒரு முனகல். "ரெண்டு." கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்து, காபிக் கோப்பையோடு ஒருவர் நிம்மதியாகத் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

காரோ, பைக்கோ, அடுத்த முறை உங்கள் வண்டியைப் பட்டறையில் விடும்போது நேரே சோபாவுக்குப் போகாதீர்கள். உள்ளே போங்கள். வேலை செய்கிறவர் எங்கே படுக்கிறார் என்று பாருங்கள். லிஃப்ட் எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் வண்டியைத் திருப்புங்கள். ஏன் திருப்புகிறீர்கள் என்பதையும் முதலாளி காதில் விழும்படி, சத்தமாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.