சுபுஹுக்கு எழுப்ப ஓர் ஆள்

டப்பாக்காரருக்கு ஐம்பத்தெட்டு வயது. தகர டப்பா செய்யும் ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் அச்சு இயந்திரத்தின் முன்னால் நின்றதில் அவருடைய காதுகள் ஓய்ந்துபோய்விட்டன. பகலில் காது மிஷினை மாட்டிக்கொண்டால் எதிரில் இருப்பவர் பேசுவது ஒருமாதிரி பிடிபடும். படுக்கும்போது அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டால், தலைமாட்டில் இடி விழுந்தாலும் தெரியாது.

மனைவி கூட இருந்தவரை அதை அவர் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. விடியற்காலையில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னதும் அவள் எழுந்து, அவர் கால் கட்டைவிரலைப் பிடித்து ஒரு இழு இழுப்பாள். அவர் எழுந்து கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடப்பார். கல்யாணமான மறுநாளிலிருந்து அப்படித்தான்.

மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது, மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மனைவி விமானம் ஏறினாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகள் தவழட்டும், நடக்கட்டும், பேசட்டும் என்று மூன்று மாதம் இரண்டு வருஷமாக நீண்டுவிட்டது. வீட்டில் இரண்டு தட்டு இருந்தாலும் ஒன்றையே கழுவிக் கழுவி அதிலேயே சாப்பிடப் பழகிக்கொண்டார்.

அவள் புறப்பட்டுப் போன முதல் வாரமே விடியற்காலைத் தொழுகையான சுபுஹு தவறியது. கண் விழித்தபோது ஜன்னலில் வெயில். ஏழு மணிக்கு அவள் போனில் கேட்டாள். "சுபுஹுக்கு எந்திரிச்சீங்களா?"

"ஆமா, ஆமா" என்றார். வாய் தவறி வந்துவிட்டது. பிறகு தினமும் அவள் கேட்பதும், இவர் அதையே சொல்வதும் வழக்கமாகிப் போனது.

எழுவதற்கு அவர் படாத பாடு இல்லை. படுக்கும் முன் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். அது இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டு, ஐந்து மணிக்குக் கைவிட்டது. போனை அதிரவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தார். அது அதிர்ந்து அதிர்ந்து கட்டிலுக்குக் கீழே போய்க் கிடந்தது. கடைசியில் பெரிய மணிக்கடிகாரம் ஒன்றை வாங்கி, சத்தம் கூடட்டும் என்று எவர்சில்வர் குண்டானுக்குள் வைத்தார்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டுக்காரர் வந்தார். பஸ் ஓட்டுநர், தனிக்கட்டை. இரண்டு பேரும் அதுவரை படிக்கட்டில் தலையசைத்துக்கொண்டதோடு சரி.

"பாய், உங்க வீட்டு மணியில மாடி முழுக்க எந்திரிச்சிடுது. நீங்க எந்திரிக்கிறீங்களா இல்லையா?"

"எனக்குக் கேக்கலையே."

"கதவு உடையிற மாதிரி தட்டினேனே."

"அதுவும் கேக்கலை."

ஓட்டுநருக்குச் சிரிப்பு வந்தது. டப்பாக்காரரின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டு போனார்.

அன்று ஆலையில் அவருக்கு வேலை ஓடவில்லை. தொழுகை தவறியதற்கு இறைவனிடம் அழுது கேட்டுக்கொள்ளலாம். இரண்டு வருஷப் பொய்யை யாரிடம் கேட்டுக் கரைப்பது? வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"தெரியும்" என்றாள் அவள்.

"எப்படி?"

"எந்திரிச்சவரா இருந்தா 'ம்'னு ஒத்த வார்த்தையில முடிச்சிருப்பீங்க. எந்திரிக்காததால தானே ரெண்டு தடவை ஆமா போடுறீங்க."

"தெரிஞ்சும் ஏன் தினமும் கேட்டே?"

"வேற என்னத்தைக் கேக்குறது?" என்றாள். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. "அப்புறம் பேசுறேங்க" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் அவர் எதிர்வீட்டுக்குப் போனார். ஓட்டுநர் முதல் வண்டிக்காக நாலே முக்காலுக்குக் கிளம்புகிறவர். மாற்றுச் சாவியை நீட்டி, போகிறபோது தன்னை உசுப்பிவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார்.

"என்னை நம்பிச் சாவி தர்றீங்களே?"

"எங்க வீட்ல தூக்கிட்டுப் போறதுன்னா என்னையத்தான் தூக்கிட்டுப் போகணும்."

முதல் நாள் ஓட்டுநர் தோளைப் பிடித்து உலுக்கினார். டப்பாக்காரர் அலறியடித்துக்கொண்டு எழுந்ததில் இரண்டு பேருக்குமே மூச்சு வாங்கியது. அன்று மாலை தயங்கித் தயங்கிக் கட்டைவிரல் விஷயத்தைச் சொன்னார்.

அடுத்த நாள் விடியலில் கட்டைவிரலில் ஒரு இழுப்பு விழுந்தது. "எந்திரிச்சிட்டேம்மா" என்றார், கண்ணைத் திறக்காமலே. திறந்தபோது காக்கிச் சட்டையும் அடர்ந்த மீசையுமாக ஓட்டுநர் நின்றிருந்தார். காதில் விழாதவர்போல் திரும்பி, சத்தமே கேட்காத மனிதரின் வீட்டுக் கதவை அத்தனை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். டப்பாக்காரர் குழாயடியில் முகத்தைக் கழுவக் கழுவ ஈரம் ஓயவில்லை.

ஏழு மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. விடுமுறை நாளில்கூட ஓட்டுநர் கைலியோடு வந்து இழுத்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வார். அதன் பிறகு அவரை வேறு பணிமனைக்கு மாற்றினார்கள். நகரத்தின் மறுகோடி. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"கஷ்டமா இருக்கு பாய்."

"பரவாயில்லப்பா. இத்தனை நாள் எழுப்புனியே, அது போதும்." போதாது என்று இருவருக்கும் தெரியும்.

அதன் பிறகு சில நாள் உடம்பே விழித்துக்கொண்டது. சில நாள் ஏமாற்றியது. தவறிய நாட்களில் எழுந்தவுடன் சுவர் பக்கமாகப் பாயை விரித்துத் தனியாகத் தொழுதார். மனைவி கேட்டால், "இன்னிக்கு இல்ல" என்றே சொன்னார். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் வருவதாக அவள் சொல்லியிருக்கிறாள். எப்போது என்று அவர் கேட்கவில்லை.

ஒரு நாள் தானாகவே விழிப்பு வந்தது. நேரமாகிவிட்டது என்ற பதற்றத்தில் கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல் ஒளுச் செய்துகொண்டு ஓடினார். தெருவில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. பள்ளிவாசல் கதவு பூட்டிக்கிடந்தது. வெகு சீக்கிரம் வந்துவிட்டார். காது மிஷின் இழுப்பறையிலேயே இருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் போய்ப் படுத்தால் தூங்கிவிடுவோம் என்று பயந்து வாசல்படியிலேயே உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து, பாங்கு சொல்லும் மோதினார் சாவிக்கொத்தோடு வந்தார். இவரைப் பார்த்து ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார், சிரித்துக்கொண்டே. ஒரு வார்த்தையும் எட்டவில்லை. டப்பாக்காரர் கேட்டதுபோலத் தலையசைத்துவிட்டு, எழுந்து, அவர் கதவைத் திறக்க நகர்ந்து வழிவிட்டார்.