மெற்றில்டாவின் வெள்ளைத் தரை

கொட்டாஞ்சேனையில், தேவாலயத்துக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில் மெற்றில்டாவின் வீடு. ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, குசினி, அதற்கு அப்பால் குளியலறை. கலியாணம் முடித்து அவள் வந்தபோது தரை முழுக்கச் சிவப்புச் சீமெந்து. சனிக்கிழமைகளில் அதற்குப் பொலிஷ் பூசித் தேய்ப்பது அவளுடைய புருஷன் ஸ்ரான்லியின் வேலை. தேங்காய்ப் பொச்சுமட்டையைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு, வானொலியில் பைலாப் பாட்டுப் போகப் போக ஆடியாடித் தேய்ப்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதருக்கு வீட்டில் பிடித்த வேலை அது ஒன்றுதான்.

மெற்றில்டாவுக்கு அந்தத் தரையைக் கண்ணில் காட்டக்கூடாது. உள்ளங்கால் சிவக்கும், பாவாடை விளிம்பு சிவக்கும், படுக்கை விரிப்பிலும் கறை ஏறும். அவள் வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். வெள்ளவத்தை மாடிவீடுகளுக்கு அளவெடுக்கப் போகும்போதெல்லாம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வெள்ளை டைல்ஸில் வெறுங்காலோடு நடப்பாள். குளிர்ச்சியாக இருக்கும். துணியின் நிறம் அதில் நிழலாக விழும். ஒரு நாளைக்குத் தன் வீட்டுக்கும் இப்படிப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள்.

அந்த நாள் வருவதற்குள் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மகள் ஜெனிற்றா இத்தாலியில் ஒரு வயதான அம்மையாரைப் பராமரிக்கும் வேலை செய்தாள். அவள்தான், "அம்மா, இனியும் பொறுக்க வேணாம். விருப்பப்படி வீட்ட வடிவாக்குங்க" என்று சொன்னாள்.

அப்போது ஸ்ரான்லிக்கு மறதி தொடங்கியிருந்தது. கடைக்குப் போனால் வாங்கப் போனதை மறந்துவிட்டு வருவார். வயசுதானே என்று மெற்றில்டா பெரிதாக எடுக்கவில்லை. வேலை நடந்த நாட்களில் அவரை மட்டக்குளியில் தன் தங்கை வீட்டில் விட்டிருந்தாள். சீமெந்தைக் கொத்தி எடுத்து, பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் பதித்தார்கள். சுவருக்கும் கதவுகளுக்கும் ஒரே வெளிர்ந்த நிறம். முன்னறை நடுவில் கறுப்போடு சேர்ந்த கடும் நீலத்தில் ஒரு கம்பள விரிப்பு. திரைச்சீலைகளைத் தானே தைத்து மாட்டினாள். எல்லாம் முடிந்ததும் கதிரையில் இருந்து பார்த்தாள். எழும்ப மனம் வரவில்லை.

அடுத்த நாள் ஸ்ரான்லியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்றவர் சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார்.

"என்னங்க, ஏன் மடிக்கிறீங்க?"

"தண்ணி நிக்குதே."

"எங்க தண்ணி? அது டைல்ஸ். வாங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வைத்து உள்ளே வந்தார். நீல விரிப்புக்குக் கிட்ட வந்ததும் நின்றுவிட்டார். எவ்வளவு இழுத்தும் அதைத் தாண்டவில்லை.

அதற்குப் பிறகு அவர் படுக்கையறையை விட்டு வெளியே வருவது குறைந்தது. வந்தாலும் சுவரோடு ஒட்டி நடப்பார். குளியலறைக் கதவு எது என்று தெரியாமல் சுவரைத் தடவுவார். ஒரு நாள் காலையில் முன்னறை மூலையில் சிறுநீர் கழித்துவிட்டார்.

வெள்ளை டைல்ஸில் அது ஓடி வருவதைப் பார்த்த மெற்றில்டாவுக்குத் தலை கொதித்தது. "இந்த நிலத்துக்காக நான் எத்தன காலம் ஏங்கினன் தெரியுமா? உங்களுக்கு மனசாட்சி இல்லையா?" என்று கத்தினாள். தோளைப் பிடித்து உலுக்கியும் விட்டாள்.

ஸ்ரான்லி பின்வாங்கினார். யாரோ ஒரு வீட்டு எசமானியிடம் போலக் கை இரண்டையும் கூப்பினார்.

"கோவிக்காதீங்க நோனா. இது என்ட வீடு இல்ல, எனக்குத் தெரியும். எங்கட வீட்டு நிலம் சிவப்பு. வழியச் சொன்னீங்கண்டா நான் போயிடுவன். வீட்டில மெற்றில்டா பாத்துக்கொண்டு இருப்பா."

மெற்றில்டா துடைப்பத்தைப் போட்டுவிட்டு அந்த ஈரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கிழமையே அவரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். இளம் பெண் டொக்டர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "அவருக்குக் கண்ணில பெரிய வருத்தமில்ல, அன்ட்டி. மூளைதான் பிழையாச் சொல்லுது. மினுங்கிற நிலம் தண்ணி மாதிரித் தெரியும். கறுப்பு விரிப்பு ஆழமான கிடங்கு மாதிரி, விழுந்திடுவம் எண்டு பயம் வரும். சுவரும் கதவும் ஒரே நிறமெண்டா கதவு தெரியாது." பிறகு கேட்டார், "கிட்டடியில வீட்டுக்குள்ள ஏதும் மாத்தினனீங்களா?"

"ஓம்" என்றாள் மெற்றில்டா.

நீல விரிப்பைச் சுருட்டிப் பக்கத்து வீட்டு அருள்நாயகியிடம் கொடுத்தாள். குளியலறைக் கதவுக்குக் கடும் பச்சை பூசினாள். பிறகு மருதானையில் தரைவிரிப்புக் கடைகளில் ஏறி இறங்கினாள். எங்கும் மரத்தின் நிறம், பளிங்கின் நிறம். கடைசியில் றவூப் என்பவரின் கடையில், புது டைல்ஸுக்கு மேலே விரிக்கச் சிவப்பு வேண்டும் என்றாள்.

"தனிச் செவப்பா? இப்ப ஆரும் அதக் கேக்கிறல்லயே அன்ட்டி. புது டைல்ஸுக்கு மேலயா போடப் போறீங்க? ஏன் அப்பிடி?"

"என்ட அவருக்கு வீடு அடையாளம் தெரியேல்ல" என்றாள்.

றவூப் உள்ளே போய், தூசு படிந்த லினோலியம் சுருள் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மங்கிய சிவப்பு. பளபளப்பு இல்லை. அவரே ஆள் அனுப்பி, சுவரிலிருந்து சுவர்வரை ஒட்டிக் கொடுத்தார். வெள்ளைத் தரை ஒரு விரல் அகலம்கூட வெளியே தெரியவில்லை. ஒட்டுகிறவன் வேலை செய்யும்போது மெற்றில்டா குசினிக்குள் போய் நின்றுகொண்டாள்.

பின்னேரம் ஸ்ரான்லி நித்திரையால் எழும்பி அறை வாசலுக்கு வந்தார். கீழே பார்த்தார். ஒரு காலை வைத்தார். மற்றக் காலையும் வைத்தார். சுவரைப் பிடிக்காமல் முன்னறை நடுவுக்கு வந்து நின்றார்.

"மெற்றி, இண்டைக்குச் சனிக்கிழமையா? பொலிஷ் போட்டுட்டியா? என்னக் கூப்பிடேல்லையே."

அன்று புதன்கிழமை.

"நீங்க நல்ல நித்திரை. அதான் நானே போட்டன்" என்றாள்.

"சரியாத் தேய்க்கேல்ல. மினுக்கமே இல்ல" என்று சொல்லி, வலது காலால் மெல்லத் தேய்த்துப் பார்த்தார். மெற்றில்டா முகத்தைத் திரைச்சீலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நோய் மாறவில்லை. பெயரை மறந்தார், பிறகு சாப்பிடுவதையே மறந்தார். ஆனால் நடக்க முடிந்தவரை, அந்த வீட்டில் பயமில்லாமல் நடந்தார். உயிர்த்த ஞாயிறு கழிந்து, மழை தொடங்கிய நாட்களில் சளி நெஞ்சில் இறங்கி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கடைசி நாட்களில் மெற்றில்டாவை மறுபடியும் "நோனா" என்றுதான் அழைத்தார்.

ஜெனிற்றா வந்தாள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன்பு, "அம்மா, இந்தச் சிவப்பு விரிப்ப எடுப்பமா, விடுவமா?" என்று தயங்கிக் கேட்டாள்.

"எடுத்துவிடு. என்னால பாக்க ஏலாம இருக்கு" என்றாள் மெற்றில்டா.

உரித்து, கழுவி, துடைத்தார்கள். டைல்ஸ் போட்ட அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது. பூசை முடிந்து சாப்பிட வந்தவர்கள் தரையைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். "என்ன வடிவான நிலம்!" என்றார்கள். "ஓம், வடிவுதான்" என்று எல்லாருக்கும் சொன்னாள்.

ஜெனிற்றா திரும்பிப் போன பிறகு, ஒரு மத்தியானம் வெக்கை தாங்காமல், காற்றுக்காகக் கதவைத் திறந்துவிட்டு மெற்றில்டா வெறுந்தரையில் சாய்ந்தாள். நெடுநாளைக்குப் பிறகு ஆழ்ந்து தூங்கினாள். கண் விழித்தபோது தெருக்கதவு விரியத் திறந்து கிடந்தது. எழும்பி ஓடினாள். அவர் வெளியே போய்விடுவார் என்று எப்போதும் தாழ்ப்பாள் போட்டிருந்த கதவு அது. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் அவசரமாகப் பார்த்தாள்.

தண்ணீர் வாளியோடு வந்த அருள்நாயகி, "என்ன மெற்றில்டாக்கா, ஆரத் தேடுறீங்க?" என்று கேட்டாள்.

மெற்றில்டாவின் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது.

"ஒருத்தரும் இல்ல" என்றாள்.