உத்தரவில்லாத கம்பு

கீழவயல்பட்டி செம்மலை பட்டாளத்துக்குப் போய், பஸ்ராவில் சண்டை பார்த்து, ஹவில்தாராகத் திரும்பி வந்தவர். ஊர் அவரை அவில்தார் என்றது. திரும்பி வந்த வருஷமே ஊர்க்காவலுக்குத் தலைவராக்கினார்கள்.

ஊரில் பெரிய வீடுகள் பாதி பூட்டிக் கிடந்தன. அந்த வீட்டு ஆண்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்தார்கள். காவல்காரர்கள் மூங்கில் தடியோடு தெருவைச் சுற்றி வருவார்கள். தினக்காவலுக்கு அது போதும். வேல்கம்பு வேறு. வேல்கம்புகள் கருப்பர் கோயிலில் சாத்தியிருக்கும். ஊருக்கே ஒரு காரியம் வந்தால்தான் வெளியே வரும்.

அதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. ஊர்த்தலைவரான அம்பலம் உத்தரவு சொன்னால்தான் வேல்கம்பை எடுக்கலாம். உத்தரவைக் காவல் தலைவரிடம் மட்டும் சொல்லுவார். ஆனால் அம்பலம் தன் கையால் வேல்கம்பைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த நேரத்தோடு அவர் அம்பலம் இல்லை. அப்படித் தொட்டவரோடு வேற்றூர் அம்பலம் யாரும் உட்கார்ந்து பேசமாட்டார்கள். சொல்கிறவர் ஒருவர், தூக்குகிறவர் ஒருவர். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் பிறகு அவரிடம் யார் பேசுவது என்று முன்னால் இருந்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். சுற்று வட்டாரம் முழுவதும் இதே ஏற்பாடுதான்.

இன்னொன்றும் உண்டு. உத்தரவில்லாமல் வெளியே வந்த வேல்கம்பு வெறும் விறகு. காவல் தலைவர் பேச்சைக் கேட்டு எடுத்தவர்களுக்குக் குற்றமில்லை. எடுக்கச் சொன்ன தலைவர் மட்டும், இனித் தொடுவதில்லை என்று கோயில் வாசலில் சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும். செம்மலைக்கு முன் தலைவராக இருந்தவர் கடலைக்காட்டில் பன்றி விரட்ட அப்படி எடுத்துவிட்டார். அந்தக் கம்பை அடுப்பில் வைத்துக் கருப்பருக்குப் பொங்கல் வைத்தார்கள். பொங்கல் நன்றாக இருந்தது என்று அவரே சொன்னார்.

செம்மலை காவலைப் பட்டாளம் மாதிரி நடத்தினார். காவல்காரர்களை வரிசையில் நிறுத்தினார். வெற்றிலை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கக்கூடாது என்றார். முதலில் சிரித்தார்கள். பிறகு துப்பிவிட்டு வந்து நின்றார்கள். உச்சிவெயிலில் கோயில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது, அவருடைய மெடலை வாங்கிப் பார்ப்பார்கள். அதில் வெள்ளைக்கார ராஜாவின் தலை இருந்தது.

காவலில் துடியான ஆள் மருது. அவன்தான் கேட்டான். “அண்ணே, இந்த ராசா எப்படிச் சுடுவாரு? நின்னா, படுத்தா?”

“அவரு சுடமாட்டாரு.”

“அச்சடிச்ச படத்துல பட்டாள உடுப்பெல்லாம் போட்டுக்கிட்டு நிக்கிறாரே.”

“பட்டாளம் தன்னுதுன்னு காட்ட வேணாமா?”

“சுடாத ஆளு சொல்லியா நீக சுட்டீக?”

“அவரே சுட்டா எங்களுக்கு என்னடா வேலை?”

மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த ராஜா சொன்னது சரியா தப்பா என்று யாராவது கேட்டால் செம்மலை பேசாமல் இருந்துவிடுவார். அங்கே அவர் பார்த்த ஒன்றை மனைவி நாகவல்லியிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஈச்சமரங்கள் நிறைந்த ஒரு சின்ன ஊர். பட்டாளத்தை நடத்திவந்த துரைமார் ஒவ்வொருவராக விழுந்துவிட்டார்கள். துப்பாக்கிகள் மட்டும் ஊருக்குள் போயின. “நிறுத்துன்னு சொல்ல ஆளில்லை” என்றார். அவரும் உள்ளே போனாரா என்று அவள் கேட்கவில்லை.

அப்போது அம்பலமாக இருந்தவர் ஏகப்பன். ஒல்லியான ஆள். தூரத்தில் வருகிறவர்களை அடையாளம் தெரியாமல் எல்லோருக்கும் பொதுவாகச் சிரித்து வைப்பார். கோயிலில் கிடாய் வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்படி ஓர் ஆள் சொல்லி நாம் கம்பு தூக்குவதா என்று மருதுக்குக் குறை. செம்மலைக்குக் குறையில்லை. ஏகப்பன் எதையும் இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் சொல்வார். சொன்னதை மாற்றமாட்டார். அவில்தாருக்கு அது போதுமாக இருந்தது.

மழை குறைந்த ஒரு வருஷம், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கண்மாய் வற்றியது. தண்ணீர் வருகிற கால்வாய் மேலப்பட்டி வழியாக வரவேண்டும். மேலப்பட்டிக்காரர்கள் அதன் குறுக்கே மண்ணணை போட்டுவிட்டார்கள். செம்மலையின் வயலும் வெடித்துக் கிடந்தது. அவர் காலையில் போய் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வருவார்.

அப்படி ஒரு காலையில் அவர் திரும்பி வந்தபோது, ஏகப்பன் வீட்டு முற்றத்தில் நின்றார். நாகவல்லி கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“மேலப்பட்டிக்குப் பேசப் போறேன், அவில்தார். நீங்களும் ஆளுகளைக் கூட்டிக்கிட்டு வாங்க. வேல்கம்பை எடுத்துக்கிருங்க.”

“எடுத்துட்டு?”

“சும்மா நில்லுங்க. அவுக ஆளு நெறைய. பின்னால நீங்க நின்னா எனக்குப் பேச்சுத் தடுமாறாது.”

“இது உத்தரவா?”

ஏகப்பன் கொஞ்சம் யோசித்தார். “உத்தரவுதான்” என்றார்.

நாகவல்லி முறத்தை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தாள். பிறகு புடைக்க ஆரம்பித்தாள்.

அணைக்கு அந்தப் பக்கம் மேலப்பட்டி ஆட்கள் நின்றார்கள். அவர்களுடைய அம்பலம் குருநாதன் துண்டை விரித்துக் கரையில் உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு. இந்தப் பக்கம் செம்மலை தன் ஆட்களை வரிசையாக நிறுத்தினார். ஏகப்பன் அணைமேல் ஏறி, பேசுவதற்காக நடந்தார்.

புதிதாகப் போட்ட மண். ஏகப்பனுக்குக் கண் சரியில்லை. கால் வழுக்கி, அணைக்கு மேல்புறம் தேங்கிய சேற்றில் இறங்கினார். முழங்கால் வரை போனது, பிறகு தொடை வரை. கையை ஊன்ற இடமில்லை. செம்மலை ஓடிப்போய், கையில் இருந்ததை நீட்டினார். ஏகப்பன் அதைப் பிடித்து ஏறிக் கரைக்கு வந்தார்.

அதன் பிறகுதான் இருவரும் கையைப் பார்த்தார்கள். ஏகப்பனின் இரண்டு கைகளும் வேல்கம்பில் இருந்தன.

இரண்டு ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது.

குருநாதன் எழுந்து துண்டை உதறினார். “நான் வீட்டுக்குப் போறேன். உங்க ஊருக்கு இப்ப அம்பலம் இல்லை. நான் யாருகூடப் பேச? இந்தச் சேத்துகூடவா?”

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். ஏகப்பன் கம்பை விட்டுவிட்டு, சேறு வழிய நின்றார். அவர் முகத்தில் வருத்தத்தைவிடக் குழப்பம்தான் இருந்தது. தலையை ஆட்டியது, ஆமாம் என்று ஒத்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

மருது செம்மலையின் பக்கத்தில் வந்தான். “அண்ணே, அம்பலம் போயிருச்சு. இனி நீகதான் எல்லாம். ஒரு வார்த்தை சொல்லுங்க. அவுக சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள அணையை வெட்டிட்டு வாரோம்.”

செம்மலை அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அவர்கள் கூட்டமாக நின்றார்கள், வரிசை இல்லை. கரையின் வலப்பக்கம் காலியாக இருந்தது. இங்கிருந்து பாதிப்பேர் நேராகப் போக, மீதிப்பேர் அந்தக் காலி இடத்தில் ஏறினால் வேலை முடிந்துவிடும். அவருக்கு அது நன்றாகத் தெரிந்தது. மத்தியானத்துக்குள் அவர் வயலில் தண்ணீர் நிற்கும். ஆட்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ராவில்கூட இத்தனை பேர் அவர் வாயைப் பார்த்ததில்லை.

போகச் சொல்ல அவர் இருந்தார். போனவர்களை நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. தன்னையும் சேர்த்துத்தான் அப்படி நினைத்தார்.

அவர் இரண்டு ஊருக்கும் கேட்கிற மாதிரி, பட்டாளத்துக் குரலில் பேசினார்.

“அம்பலம் தொட்டது விறகு. கம்பில்லை. உத்தரவு வாங்காம நானா எடுத்துட்டு வந்தேன்.”

குருநாதன் திரும்பிப் பார்த்தார்.

“எங்க ஆளுக நான் சொன்னதை நம்பி எடுத்தாக. அவுக மேல குத்தமில்லை. இங்க இருக்கிறது எல்லாம் விறகுதான். கீழ போடுங்கடா.”

மருது போடவில்லை. “அண்ணே, என்ன சொல்றீக?”

“போடு.”

இது அவர் கொடுக்கிற கடைசி உத்தரவு என்பது மருதுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. போட்டான். மற்றவர்களும் போட்டார்கள். மரம் மரத்தின்மேல் விழுகிற சத்தம் கேட்டது.

ஏகப்பன் வாயைத் திறந்தார். “இல்லை, நான்தானே காலையில...”

“அம்பலம்,” என்றார் செம்மலை, “நீங்க பேச வந்தது தண்ணியைப் பத்தி. அதைப் பேசுங்க.”

ஏகப்பன் அவரைப் பார்த்தார். கிட்டத்தில் நின்றதால் முகம் சரியாகத் தெரிந்திருக்கும். வாயை மூடிக்கொண்டார்.

குருநாதன் யோசித்தார். எதிரே ஓர் அம்பலம் நிற்கிறார், கையில் ஒன்றும் இல்லாத ஆட்கள் நிற்கிறார்கள். பேசாமல் போனால் பேச பயந்து போனதாகிவிடும். மறுபடி துண்டை விரித்து உட்கார்ந்தார்.

“விறகைப் பிடிச்சு ஏறி வந்த அம்பலம், வாங்க. எத்தனை நாளைக்கு வேணும் தண்ணி?”

பேச்சு வெயில் தலைக்கு மேல் வருகிறவரை நடந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அணையைத் திறப்பது என்று முடிந்தது. குருநாதன் நினைத்ததைவிட ஏகப்பன் அதிகமாக வாங்கிவிட்டார் என்று பிறகு மேலப்பட்டியிலேயே பேசிக்கொண்டார்கள். இரண்டு தரம் கேட்கிற பழக்கம் அன்று உதவியது.

சாயங்காலம் செம்மலை கோயில் வாசலில் நின்று, இனித் தொடுவதில்லை என்று சொன்னார். வேல்முனைகளைக் கழற்றி வைத்துவிட்டு, காம்புகளை எரித்துப் பொங்கல் வைத்தார்கள். இந்த முறை பெரிய பொங்கல். ஊருக்கே கொடுத்தார்கள்.

நாகவல்லி தன் பங்கை வாங்கிவந்து வீட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள். “காலையில அவரு உத்தரவுன்னு சொன்னாரே. எங்காதுல விழுந்துச்சே.”

“உங்காதுல மட்டுந்தான் விழுந்துச்சு.”

“ஊரு இனி விறகு அவில்தாரும்பாக.”

“இப்பவே சொல்றாக. மருது பொண்டாட்டிதான் ஆரம்பிச்சு வச்சா.”

அவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்பது அவளுக்குத் தெரியும். காலையில் வரிசை நிறுத்தப் போகும்போது அவர் மீசையைத் தடவிக்கொண்டு போவதைப் பார்த்தவள். பிறகு, “தண்ணி எப்ப வரும்?” என்றாள்.

“நாளைக்கு.”

“அப்பச் சாப்பிடுங்க. பொங்கல்ல கருகல் வாடை. நல்ல விறகில்லை போல.”

அவர் சிரித்துவிட்டார்.

ஏகப்பனுக்கு மனம் ஆறவில்லை. தண்ணீர் வந்து, கதிர் முற்றத் தொடங்கிய பிறகு ஒரு நாள் செம்மலையின் வயலுக்கே வந்தார். வரப்பில் நின்றுகொண்டு, ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லப்போவதாகச் சொன்னார்.

“சொன்னா நீங்க அம்பலம் இல்லை. அன்னைக்குப் பேசின பேச்சும் பேச்சில்லை. குருநாதன் அணையை அடைச்சுருவாரு.”

“பொய்யைச் சுமந்துக்கிட்டு எப்படி அம்பலமா உக்காருறது?”

“நான் கம்பைச் சுமந்தேன். நீங்க இதைச் சுமங்க. கனம் ஒண்ணுதான்.”

“எனக்கு உத்தரவு போடுறீகளா?” ஏகப்பன் கோபமாகத்தான் கேட்டார்.

செம்மலை மண்வெட்டியை வரப்பில் சாய்த்தார். “உத்தரவில்லை. வயக்காட்டுல நிக்கிற ஒருத்தன் சொல்றேன். கேக்கிறதும் கேக்காததும் உங்க பாடு.”

ஏகப்பன் ரொம்ப நேரம் கதிரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, “காவலுக்குத் தலைவரா யாரைப் போடலாம்?” என்று கேட்டார்.

“மருதைப் போடுங்க.”

“அவன் நெருப்பாச்சே.”

“அடுப்பு நீங்கதானே.”

மருதைத் தலைவராக்கினார்கள். அறுவடை முடிந்ததும் கம்புகளுக்குப் புதுக் காம்பு போட்டு, ஊர்கூடி அவற்றைக் கோயிலில் சேர்த்தார்கள். செம்மலை கூட்டத்தோடு ஓரமாக நின்றார். மருது வரிசை நிறுத்தினான். அவர் நிறுத்துவதைவிட நேராக இருந்தது. யார் வாயிலும் வெற்றிலை இல்லை. பிறகு அவன் முன்னால் வந்து, கம்புகளை ஏகப்பனின் காலடியில் ஒவ்வொன்றாக வைத்தான். வேல்முனைகள் எல்லாம் அம்பலத்தைப் பார்த்து இருந்தன.

செம்மலைக்கு ஓர் உத்தரவு நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்த்தார். செம்மலை வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

ஏகப்பன் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நிமிர்ந்தார்.

“மருது. முனை உன் பக்கம் இருக்கணும். திருப்பி வை.”

மருது ஒரு நொடி நின்றான். அவன் முகம் சிவந்தது. பிறகு குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தான்.

செம்மலை வீட்டுக்கு வந்து, புது அரிசிச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.