ஆறு சிவப்புப் புள்ளிகள்

ரிப்பேருக்குக் கொடுக்கும் பொருளின் உள்ளே ஓர் அடையாளம் வைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ரேடியோவானால் ஸ்பீக்கர் காந்தத்தில் ஒரு கீறல். டேப்ரிக்கார்டரானால் மோட்டாரின் மேல் பேனாவால் ஓர் எழுத்து. இல்லையென்றால் மெக்கானிக் ஒரிஜினலைக் கழற்றிக்கொண்டு லோக்கலை மாட்டிவிடுவான் என்று பேச்சு. முப்பது வருடம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்திய நானும் அதைத்தான் செய்தேன்.

பொருள் ஒரு பழைய வீட்டுக் கணினி. லப்பைக்குடிக்காட்டில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பாய் 1996இல் எனக்குக் கொடுத்தார். அவர் மகன் என்னிடம் படித்தவன், சவுதியிலிருந்து அதைக் கொண்டுவந்திருந்தான். "பரண்ல சும்மா கெடக்குது சார். நீங்க படிச்சவங்க, உங்களுக்கு ஆவும்" என்றார் பாய். விசைப்பலகைதான் மொத்தக் கணினியும். டிவியில் மாட்டினால் படம் வரும். விசைகளில் ஆங்கிலத்தோடு அரபு எழுத்துகளும் இருந்தன. புரோகிராம்களை டேப்ரிக்கார்டரில் கேசட் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். அதற்கான கேபிள் மட்டும் இல்லை.

திருச்சியில் நான்கு கடைகளில் கேட்டேன். அப்படியொரு பின்னைப் பார்த்ததே இல்லை என்றார்கள். கடைசியில் பெரம்பலூரிலேயே பழைய பஸ் ஸ்டாண்டு அருகே கடை வைத்திருந்த ஒரு மெக்கானிக்கிடம் போனேன். முப்பது வயதிருக்கும். கணினியில் கேபிள் செருகும் துளையை ஒரு முறை பார்த்தார்.

"இது கல்யாண வூட்டு மைக்செட்டுல வர்ற பின்னு சார். இதுக்காகவா திருச்சிக்குப் போனீங்க?"

யாரோ ஒரு மைக்செட்காரரின் உடைந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து பின்னை வாங்கி, இரண்டே நாளில் கேபிள் செய்து கொடுத்தார். வீட்டில் கேசட் கிறீச்சிட்டு ஓடி, டிவியில் எழுத்துகள் வந்தபோது எனக்கு ஐம்பது வயது. சத்தம் போட்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

அந்த மெக்கானிக்கின் பிழைப்பு முழுக்க லப்பைக்குடிக்காட்டு வீடுகளில் இருந்தது. சவுதியிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்த, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ இன் ஒன், வி.சி.ஆர்., டிவி எல்லாம் பஸ் ஏறி அவரிடம்தான் வரும். அந்த ஊர் அவரை நம்பும் வரைக்கும்தான் அவருக்குச் சோறு.

அடுத்த வருடம் டிவியில் படம் வராமல் போனது. மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். "மெமரி சிப்பு ஏதாவது போயிருக்கும் சார். திருச்சியில ஒரு வீடியோ கேம் கடைய மூடிட்டாங்க. அந்த போர்டுல அதே சிப்பு இருக்கும், வாங்கிரலாம். ரெண்டு வாரம் விட்டுட்டுப் போங்க" என்றார்.

ஆசிரியர்கள் அறையில் ஒருவர் சொன்னார்: "உள்ள இருக்கறது ஜப்பான் சரக்கு. உஷாரா இருங்க." அன்று மாலையே பெட்டியைத் திறந்தேன். மெமரி சிப்கள் சிறியவை, போர்டோடு பற்றவைத்தவை; அவற்றை விட்டுவிட்டேன். சாக்கெட்டில் செருகியிருந்த பெரிய சிப்கள் ஆறு. ஒவ்வொன்றின் மேலும் மனைவியின் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். காயும்வரை ஊதினேன். மறுநாள் காலையில் கடையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் நின்றேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனால், அவர் மேசையில் அதே மாதிரி இன்னொரு கணினி திறந்து கிடந்தது.

"இது யாருது தம்பி?"

"லப்பைக்குடிக்காடுதான் சார். செத்துக் கெடந்துச்சு. இப்ப சூப்பரா ஓடுது."

அந்த 'சூப்பர்' எனக்கு உறுத்தியது. என்னுடையதையும் ஓட்டிக் காட்டினார். "அடாப்டர் ஒயரு உள்ள அறுந்திருக்கு சார். அப்பப்ப நின்னு போவும். அதே பின்னு கெடச்சதும் மாத்தித் தரேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் திறந்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. என் சிப்கள் அந்த இன்னொரு கணினிக்குப் போய்விட்டன என்று தோன்றியது. சிப்களின் மேலிருந்த வெள்ளை எழுத்துகளும் மங்கியிருந்தன. திருடிய சைக்கிளில் பெயரை அழிப்பார்களே, அப்படி என்று நினைத்தேன். பெட்டிக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. பள்ளி ஆய்வகத்தில் தினமும் முகர்ந்த வகை வாடைதான். அது எனக்கு எதையும் சொல்லவில்லை. இரவு ஓட்டிப் பார்த்தபோது கணினி நடுவில் நின்றது. அடாப்டர் கதை முன்கூட்டியே போட்டுவைத்த சாக்கு என்று முடிவு செய்துவிட்டேன்.

அவரிடம் போய்க் கேட்கவில்லை. அந்த வாரமே பஸ் ஏறி லப்பைக்குடிக்காடு போனேன். பாயின் கடையில் ஐந்தாறு பேர் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

"ரிப்பேருக்குக் குடுக்கறப்ப கொஞ்சம் பாத்துக் குடுங்க பாய். அந்த ஆளு உள்ள மாத்துறான்."

"அப்படியா சார்?" பாய் தராசிலிருந்து கையை எடுத்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான் பேசினேன். ஒரு வருடத்துக்குள் மெக்கானிக்கின் கடை மூடிக்கிடந்தது. குட்டு வெளிப்பட்டதும் ஓடிவிட்டான் என்று அதையும் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். கணினியைப் பீரோவுக்குள் போட்டுப் பூட்டினேன்.

ஓய்வு பெற்றபின், 2005இல், பொழுது போகாமல் அதை வெளியே எடுத்தேன். உயிர் வரவில்லை. சாக்கெட்டில் துரு இருக்குமோ என்று ஸ்க்ரூ டிரைவரால் ஒரு சிப்பை நெம்பி எடுத்தேன். அதன் வயிற்றுப் பக்கத்தில் சிவப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. அடுத்ததிலும். ஆறிலும். மேலிருந்த புள்ளி கரைந்து, வழிந்து, இடுக்கில் போய் உறைந்திருக்கிறது. சிப்கள் மாறவே இல்லை. மெக்கானிக் பெயிண்ட் தின்னர் ஊற்றிக் கழுவியிருக்கிறார். எந்தத் திரவம் எதைக் கரைக்கும் என்று வருடாவருடம் பாடம் நடத்தியவன் நான். நெயில் பாலிஷைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

விசாரித்ததில் அவர் அரியலூரில் இருப்பதாகத் தெரிந்தது. ரயில்வே கேட் பக்கம் சிறிய கடை. மிக்ஸி, செல்போன் சார்ஜர். சிமெண்ட் தூசி எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "கம்ப்யூட்டர் சாரா? வாங்க" என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மிக்ஸியின் திருகைக் கழற்றுவதை நிறுத்தவில்லை.

"புள்ளிய பாத்தேன் சார். போர்டு முழுக்க கரப்பான் எச்சம். கழுவுறப்பவே பாத்தேன். அடையாளம் வைக்காதவங்க யாரு? காணோம்னா வந்து கேப்பாங்க, சண்ட போடுவாங்க. தொறந்து காட்டுவேன். டீ குடிச்சிட்டுப் போயிருவாங்க." திருகை ஒரு மூடியில் போட்டார். "நீங்க கேக்கவே இல்லயே சார்."

மன்னித்துக்கொள் என்றேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? சொன்ன எடத்துல போயி சொல்லுங்க."

மறுநாள் போனேன். பாய்க்குத் தாடி முழுக்க நரைத்திருந்தது. நெயில் பாலிஷ், தின்னர், சிப்பின் அடிப்பக்கம் என்று விளக்கினேன். மணி அடிக்கக் காத்திருக்கும் மாணவனைப்போலக் கேட்டார்.

"அவன் உங்கள அனுப்பினானா சார்?"

"இல்ல பாய். தப்பு என்னுது."

"எரக்கப்பட்டுப் பேசுறீங்க. வாத்தியார் மனசு." சிரித்தார். அந்தச் சிரிப்பில் நம்பிக்கை இல்லை. எட்டு வருடத்துக்கு முன் என் முகத்தில் இருந்த சந்தேகம்தான் இப்போது அவர் முகத்தில் இருந்தது, கொடுத்தவனும் நான்தான். நான் நகராமல் நிற்பதைப் பார்த்து உள்ளே போய் ஒரு டூ இன் ஒன்னை எடுத்துவந்தார்.

"மவன் மொதமொதல்ல அனுப்புனது. பாட மாட்டேங்குது. உங்க பேச்சத் தட்ட முடியல, கொண்டுபோயிக் குடுங்க."

பிறகு ஸ்க்ரூ டிரைவர் எடுத்து என் முன்னாலேயே பின்மூடியைக் கழற்றினார். "கோவிச்சுக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டு, கடைப் பேனாவால் மோட்டாரின் மேல் நீல மையில் ஓர் எழுத்து எழுதினார். மூடி விழாமல் நான்தான் பிடித்துக்கொண்டேன்.

அரியலூரில் மெக்கானிக் அதைத் திறந்தார். எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாய் கையெழுத்து மாறவே இல்ல" என்றார். தின்னர் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு, உலர்ந்த பிரஷை எடுத்துத் தூசியைத் தட்டத் தொடங்கினார். அந்த எழுத்தைச் சுற்றி மட்டும் அழுக்கை அப்படியே விட்டார்.