பிரிஜா ஒட்டாத புத்தகம்

யானையைப் பிரிஜா தரைமட்டத்திலிருந்து எழுப்புகிறாள். முதலில் ஒரு கோடு. அதன்மேல் நான்கு கால்கள், தூண் மாதிரி, சம இடைவெளியில். பிறகு வயிறு. தும்பிக்கை கடைசியில், அது சன்ஷேடு போல, பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்கேலை வைத்து வாலை அளக்கிறாள். "வாலு கொஞ்சம் நீளம். சாரமில்ல, கெடக்கட்டு."

நாகர்கோவிலில் ஓர் இன்ஜினியர் அலுவலகத்தில் வீட்டு வரைபடம் போடுவது அவள் வேலை. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் லீவு சொல்லிவிட்டு, பூதப்பாண்டி பஸ் ஏறி, வழியில் ஒரு தொடக்கப்பள்ளியில் இறங்குவாள். அங்கே பீரோ நிறையப் படக்கதைப் புத்தகங்கள். எல்லாம் பள்ளிக்கூடக் கதைகள்: ஜன்னலோர இடத்துக்குச் சண்டை, ரப்பர் காணாமல் போவது, காய் விடுவது, பழம் விடுவது. பாயசம் வரைந்த பக்கத்தைப் பிள்ளைகள் நக்கியே வெளுக்க வைத்திருக்கிறார்கள். கிழிந்ததை ஒட்டுவது பிரிஜா. பசையில் மயில்துத்தம் என்ற விஷ உப்பைக் கலந்தால் பூச்சி அரிக்காது. அவள் கலப்பதில்லை. "பிள்ளையளு மூலையக் கடிக்கும். அதுவ தின்னது போவ மிச்சத்தப் பாச்சை தின்னுட்டுப் போவட்டு."

தாள் தொலைந்திருந்தால் அவளே வரைந்து ஒட்டிவிடுவாள். கதை எப்படி முடிந்தது என்று தெரியாதே என்ற கவலை கிடையாது. அதனால் பனிநாட்டுக் கரடிக்குட்டி, நண்பனோடு சமாதானமாகி, மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் தின்கிறது. அணில்களின் பள்ளிக்கூடத்துக்குக் கழிவறை வந்துவிட்டது. கிணற்றிலிருந்து தள்ளி, முறைப்படி. படத்தின் மூலையில் வடக்கு எது என்று ஓர் அம்புக்குறி.

"கரடி சாளை திங்குமா ஆன்டி?"

"பசிச்சா திங்கும்."

"முள்ளு?"

"அது எடுத்துக் கீழ போடும். நீதான் முழுங்குவ."

வகுப்பு உருண்டு புரண்டு சிரிக்கும். அவள் சிரிக்கமாட்டாள். வாலுக்குச் சாம்பல் நிறம் அடிப்பாள்.

பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது தலைமையாசிரியை சஜிதா. பிரிஜா பின்வரிசையில் பசைக் கிண்ணத்தோடு சரி. "எனக்கு வாய் வராது. கைதான் வரும்." வாய் வந்தது அவள் அம்மா ரத்தினம் டீச்சருக்கு. இதே பள்ளியில் ஓய்வுபெற்ற பிறகும் வெள்ளிதோறும் வந்து வாசித்தவர். போன ஐப்பசியில் இறந்துபோனார்; அதன் பிறகுதான் பிரிஜா இங்கே வரத் தொடங்கினாள். நாக்கில் விரலைத் தொட்டுத்தான் தாளைப் புரட்டுவார். கிழிந்ததை வீட்டுக்குக் கொண்டுவருவார். மகள் ஒட்டிக் கொடுப்பாள், திட்டிக்கொண்டே. "எச்சிலு பட்டா தாளு ஊறும்மா. எத்தன மட்டம் சொல்லுதேன்?"

எல்லாவற்றையும் ஒட்டியவள் ஒன்றை மட்டும் தொடவில்லை. அது குடைப் புத்தகம். ஓர் எருமைக்கன்றும் ஒரு கொக்கும் ஒரே பெஞ்சு, ஒரே குடை. ஒருநாள் கொக்கு வேறு ஊருக்குப் பறந்துவிடுகிறது. எருமைக்கன்று மழையில் குடையைப் பாதி காலியாகப் பிடித்தபடி பள்ளி வாசலில் நிற்கிறது. அதோடு சரி, கடைசித் தாள் இல்லை. அம்மா அடிக்கடி வாசித்த கதை. அதற்குத் தன் கையால் ஒரு முடிவு வரையப் பிரிஜாவுக்கு மனம் வரவில்லை. அம்மா வாசித்த முடிவே வேண்டும்.

இரண்டாம் வகுப்பு அஜிஷாவுக்கும் அதுதான் வேண்டும். அவளுடைய பெஞ்சுத் தோழி கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். அந்த இடத்தில் யாரும் உட்காராதபடி அஜிஷா பையை வைத்திருக்கிறாள்.

"கொக்கு திரும்பி வருமா ஆன்டி?"

"பாத்துட்டுச் சொல்லுதேன்."

"எப்பம் பாப்பிய?"

பிரிஜா அம்மாவின் பழைய மாணவர்களிடம் விசாரித்தாள். ஆட்டோ ஓட்டும் டெல்வின் சத்தியம் செய்தான். "கொக்கு வரும்க்கா. குடையில ஓட்டை இருக்கும்லா, மூக்க வச்சு அடைச்சிரும். எனக்கு நல்ல ஓர்மை உண்டு." குவைத்திலிருந்து ஒருவன் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினான். "கொக்கு வரல்லக்கா. எருமைதான் பஸ்ஸு ஏறிப் போச்சு. கண்டக்டரு அரை டிக்கெட்டு கேட்டாரு." ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள் இரண்டையும் மறுத்தாள். வெள்ளம் வந்து பள்ளிக்கூடமே மிதந்து கொக்கின் ஊருக்குப் போனதாம், மணியடித்துக்கொண்டே.

"ஒரே மனைக்கு மூணு பிளானு," என்றாள் பிரிஜா. "ஒண்ணும் அப்ரூவல் ஆவாது."

அடுத்த வெள்ளி, வகுப்புக்கு வெளியே, புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இந்தப் பள்ளியில் புத்தகம் வந்ததும் கடைசித் தாளில் முத்திரை குத்துவார்கள். இதில் முத்திரை எருமைக்கன்றின் காலடியில் இருந்தது. அப்படியென்றால், வரும்போதே இதுதான் கடைசித் தாள்.

சஜிதாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். சஜிதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அது வரும்பமே அப்பிடித்தான்ட்டி வந்துது. உனக்க அம்மை வாராவாரம் புதுசா ஒண்ண அவுத்து விடுவாவ. ஒருநாளு கொக்குக்குக் கல்யாணமே நடத்தி வச்சாவ. நீ ஒரு மட்டம்கூடக் கேட்டது இல்லியா?"

"அப்பமெல்லாம் வெள்ளிக்கிழமை எனக்கு ஆபீஸ் உண்டும்லா."

பிறகு பிரிஜாவுக்கும் சிரிப்பு வந்தது. கல்யாணம் என்பதை நினைத்து நினைத்துச் சிரித்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று.

"இன்னைக்கு நீ வாசி," என்றாள் சஜிதா.

"எனக்கு வாய் வராது டீச்சர்."

"எருமைக்கும்தான் வராது. போ."

பிரிஜா முன்னால் போய் உட்கார்ந்தாள். வரைபடத்தை விளக்குவது போலத்தான் தொடங்கினாள். "இது வாசல். இது எருமை. குடை ரெண்டு பேருக்கு உள்ளது." ஒரு பையன், "எருமைக்குக் கொம்பு எங்க?" என்றான். "சேங்ஷன் ஆவல்ல," என்றாள். வகுப்பு கூரையைப் பிளந்தது. மழை வந்தது, கொக்கு போனது, எருமைக்கன்று தனியாக நின்றது. சிரிப்பு அடங்கியது.

அஜிஷா பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பெஞ்சில் ஒரு முழம் நகர்ந்து உட்கார்ந்தாள். "கொக்கு வருமா ஆன்டி?"

பிரிஜா நாக்கில் விரலைத் தொட்டு, இல்லாத தாளைப் புரட்டினாள்.