வக்கீலம்மா சொன்ன அசதி

எங்கள் வார்டில் உதவியாளராக இருப்பவளுக்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்தது நான்தான். நான் அங்கே படுக்கை விரிப்பு மாற்றுகிறவள். பெரிய டாக்டர் காலையில் வருவார், கட்டிலருகே நின்று வாயில் நுழையாத நாலு வார்த்தை சொல்வார், போய்விடுவார். சொந்தக்காரர்கள் திருதிருவென்று விழித்துவிட்டு அவளைச் சூழ்ந்துகொள்வார்கள். "என்னம்மா சொல்லிட்டுப் போறாரு?"

அவள் டாக்டர் பேச்சை வீட்டுப் பேச்சாக்கிக் கொடுப்பாள். இதயச் செயலிழப்பு என்றால் "இருதயம் களைச்சுப் போயிருக்கு." சிறுநீரகக் கோளாறு என்றால் "கிட்னி கொஞ்சம் சோம்பேறித்தனம் பண்ணுது." கேட்டவர்களுக்கு முகம் தெளிந்துவிடும்.

"நீ டாக்டருக்கு வாதாடுறியா, நோய்க்கு வாதாடுறியா?" என்று சீண்டுவேன்.

"பயந்து நிக்கிறவங்ககிட்ட அகராதியையா நீட்டச் சொல்றே?" என்பாள். எனக்கும் அது புண்ணியமாகத்தான் பட்டது.

போன மாதம் அவளுடைய தங்கை வீட்டுக்காரரே எங்கள் வார்டில் வந்து படுத்தார். காய்ச்சல் என்று நடந்து வந்த மனிதர், இரண்டு நாளில் கண் திறக்கவில்லை. டாக்டர் பார்த்தார். "செப்டிக் ஷாக். மல்டி ஆர்கன் ஃபெய்லியர்" என்றார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவருக்கென்ன. வார்டில் வேலை பார்க்கும் எங்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்: உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன, பார்க்க வேண்டியவர்கள் உடனே வந்து பார்த்துவிட வேண்டும்.

தங்கை கட்டில் கம்பியைப் பிடித்தபடி கேட்டாள். "என்னக்கா சொன்னாரு?"

வக்கீலம்மா டாக்டர் போன பக்கம் ஒருமுறை பார்த்தாள். அப்புறம் அந்தப் பாழாய்ப்போன பழக்கம் முந்திக்கொண்டது. "உடம்பு அசந்து போச்சு. ஓய்வு எடுக்கட்டும்."

"பொண்ணை வரச் சொல்லவா? வெளியூர்ல புது வேலை. லீவு கேட்டா முறைக்கிறாங்களாம்."

இதற்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ரெண்டு நாள் பாப்போமே" என்றாள். தங்கை அங்கேயே நின்று மகளுக்கு போன் போட்டாள். "அப்பாவுக்கு அசதிதான்டி. பெரியம்மாவே சொல்லிட்டா. நீ அலையாதே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைத் தண்ணீர்க் குழாய் பக்கம் இழுத்துப் போனேன். "அந்தப் பொண்ணு அப்பனைப் பார்க்க வேணாமா? போய்ச் சொல்லு."

"சாயங்காலம் சொல்றேன். இப்ப சொன்னா அவ இங்கயே விழுந்துடுவா."

சாயங்காலம் தங்கைக்குத் தலை வாரிவிட்டாள், கெஞ்சிச் சாப்பிட வைத்தாள். சொல்லத்தான் இல்லை. மறுநாள் காலை டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மகள் மதியம் வந்து சேர்ந்தாள். தோள்பையைக்கூட இறக்காமல் நேரே பெரியம்மாவிடம் போனாள். அழவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு பெரியம்மா? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

வக்கீலம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், ஒரு வார்த்தை பிசகாமல்.

"எனக்கு இதுக்கு அர்த்தம்கூட முழுசாத் தெரியாது" என்றாள் அந்தப் பெண். "ஆனா இதைக் கேட்டிருந்தா நேத்தே பஸ் ஏறியிருப்பேன்."